ஒரு செடி... நூறு சண்டை!

ஹாஸ்டல்ல டி.வி. ரிமோட்டுக்கு நடக்கிற சண்டை தெரியும். கேன்டீன்ல கடைசி பஜ்ஜிக்கு நடக்கிற சண்டையும் தெரியும். ஆனா, பூக்கவே பூக்காத ஒரு செடிக்காக மூணு பெரிய மனுஷங்க முகத்தைத் திருப்பிக்கிட்டுப் போனதைப் பார்த்திருக்கீங்களா? நான் பார்த்தேன் மக்களே! எல்லாம் எங்க ஜூனியர் பையன் ஒருத்தனால வந்த வினை.

பையனுக்கு ஊர் எக்கியார்குப்பம். கிழக்குக் கடற்கரைச் சாலையில மரக்காணம் பக்கம் இருக்கிற மீனவ கிராமம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் கொஞ்ச தூரத்துல பளபளன்னு உப்பளம். 2023 மே மாசம் மெத்தனால் கலந்த சாராயம் குடிச்சு பலர் இறந்துபோனப்ப, எல்லா பேப்பர்லயும் வந்த பெயர் அது. அதுலேர்ந்து பையன்கிட்ட யாராவது, "எந்த ஊருப்பா?"னு கேட்டா முகம் சின்னதாயிடும். பதில் சொன்னதும், "ஓ... அந்த ஊரா?"னு ஒரு இழுப்பு வருமே, அதுதான் காரணம். "எங்க ஊருல வேற விஷயமும் இருக்குண்ணா. யாரும் கேக்க மாட்றாங்க"ம்பான்.

அந்த 'வேற விஷயத்தை'த் தேடிப் போனவன்தான், ஆர்க்கிட்டுல வந்து மாட்டினான்.

முதல்ல தண்ணிச் சண்டை!

பாண்டிச்சேரியில ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போனவன், சேர்த்து வெச்ச பாக்கெட் மணியில ஊதா கலர் டென்ட்ரோபியம் ஒண்ணு வாங்கிட்டு வந்தான். ரெண்டே மாசம். இலை நுனியெல்லாம் கருகி, வேர் பழுப்பாகி, செடி குளோஸ். அன்னிக்கு அதே கண்காட்சியில பழக்கமான மூணு பேருக்கு போன் போட்டான். ஒருத்தர், பேங்க்ல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். மொட்டை மாடியில நிழல்வலை கட்டி வரிசையா தொட்டி வெச்சிருக்கார். இன்னொருத்தர், பாட்டனி டீச்சர். மூணாவது ஆள், நர்சரி நடத்துறவர்.

"உரம் ஜாஸ்தி"ன்னார் பேங்க் சார். "தொட்டியில மண்ணு போட்டியா? ஆர்க்கிட்டுக்கு யாராச்சும் மண்ணு போடுவாங்களா? கரியும் தேங்கா மட்டையும்தான்"னார் நர்சரிக்காரர். "ரெண்டு பேரும் சும்மா இருங்க. எந்தத் தண்ணிப்பா ஊத்தினே?"ன்னு கேட்டவர் டீச்சரம்மா மட்டும்தான்.

"போர் தண்ணி மிஸ்."

"உப்பளத்துக்குப் பக்கத்துல இருந்துக்கிட்டு போர் தண்ணியா!"

விஷயம் இதுதான். மரத்து மேல ஒட்டி வளர்ற ஆர்க்கிட்டோட வேர், மழைத் தண்ணிக்குப் பழகினது. அதைச் சுத்தி வெள்ளையா, பஞ்சு மாதிரி ஒரு உறை இருக்கும். பிளஸ் ஒன் தாவரவியல்ல 'வெலாமன் திசு'ன்னு ரெண்டு மார்க்குக்குப் படிச்சோமே, அதேதான்! மழை பெய்ஞ்சதும் சட்டுன்னு உறிஞ்சி வெச்சுக்கும். நனைஞ்சா உள்ளே இருக்கிற பச்சை தெரியும். காய்ஞ்சா திரும்ப வெள்ளையாயிடும். அந்தப் பஞ்சுக்கு உப்புத் தண்ணியை ஊத்தினா, தண்ணி ஆவியாயிடும், உப்பு அங்கேயே தங்கிடும். உப்பளத்துல நடக்கிற அதே வேலை செடியோட வேர்லயே நடந்திருக்கு. பரம்பரையா உப்பு விளையுற மண்ணுல பொறந்த பையனுக்கு இது புரிஞ்சப்போ, தலையில அடிச்சுக்கிட்டான்.

ஆக, டீச்சரம்மா ஜெயிச்சாங்களா? அதுதான் இல்லை! "உரமும் ஜாஸ்தி"ன்னு பேங்க் சாரும், "மண்ணும் தப்பு"ன்னு நர்சரிக்காரரும் இன்னிக்கு வரைக்கும் இறங்கி வரலை. கொடுமை என்னன்னா, மூணு பேர் சொன்னதும் சரி!

அடுத்து பேர்ச் சண்டை!

ஆர்க்கிட் ஆளுங்ககூட ரெண்டு நாள் பழகினா ஒண்ணு தெரியும். அவங்க செடியைவிட அதிகமா வளர்க்கிறது சண்டையைத்தான். அதுல முக்கியமானது பேர். காசு கொடுத்து பிளாஸ்டிக் சீட்டுல அழகா பேர் எழுதி தொட்டியில குத்தி வெச்சிருப்பாங்க. தாவரவியல் ஆய்வாளர்கள் டி.என்.ஏ.வைப் பார்த்துட்டு, "அது வேற குடும்பக் கிளை, பேரை மாத்து"ம்பாங்க. 2012-ல அப்படித்தான், அஸ்கோசென்ட்ரம், நியோஃபினேஷியான்னு தனித்தனியா இருந்த பேரினங்களையெல்லாம் வாண்டாவுக்குள்ள கொண்டுபோய்ச் சேர்த்தாங்க. "நான் இருபது வருஷமா வளர்க்கிறது அஸ்கோசென்ட்ரம்தான். சீட்டை மாத்த மாட்டேன்"னு பேங்க் சார் தர்ணா. "அறிவியலுக்கு உங்க சீட்டு தெரியாது சார்"னு டீச்சரம்மா பதிலடி.

சிங்கப்பூரோட தேசிய மலர் கதை இன்னும் சுவாரஸ்யம். 'வாண்டா மிஸ் ஜோக்கிம்'. 1981-ல தேசிய மலரா அறிவிச்சாங்க. அதை உருவாக்கினவர் ஆக்னஸ் ஜோக்கிம், சிங்கப்பூர்ல வாழ்ந்த ஆர்மீனியப் பெண். 1893-லயே அங்கிருந்த தாவரவியல் பூங்கா இயக்குநர் ரிட்லி அதைப் பத்தி எழுதிட்டார். ஆனா, பிற்பாடு ஒரு கோஷ்டி கிளம்பிச்சு. "அந்தம்மா ஒண்ணும் ஒட்டுச் சேர்க்கலை. வண்டு பண்ணின வேலை. அவங்க தோட்டத்துல தானா முளைச்சதைப் பார்த்திருக்காங்க, அவ்வளவுதான்!"னு. இந்தப் பஞ்சாயத்து பல வருஷம் ஓடி, 2016-லதான் சிங்கப்பூர் அதிகாரபூர்வமா 'உருவாக்கினவர் ஆக்னஸ்தான்'னு ஏத்துக்கிச்சு. நூத்தி இருபது வருஷத்துக்கு மேல! அரியர் பேப்பரை க்ளியர் பண்ண நாம எடுத்துக்கிற டைமெல்லாம் இதுக்கு முன்னாடி ஜுஜுபி. இதுல கடைசி காமெடி, அந்தப் பூ இப்போ வாண்டாவே இல்லை. தாவரவியல் கணக்குப்படி அது 'பாபிலியோனான்தே'!

கோர்ட்டுக்குப் போன சண்டை!

இதெல்லாம் வாய்ச் சண்டை. ஒரு தடவை விஷயம் கோர்ட் வரைக்கும் போச்சு. 2002. அமெரிக்காக்காரர் மைக்கேல் கோவாச், பெரு நாட்டுல ஒரு ஆர்க்கிட்டை வாங்கறார். செருப்பு மாதிரி பை தொங்குற ரகம். உள்ளங்கையைவிடப் பெரிய பூ, அப்படியொரு ஊதா-இளஞ்சிவப்பு. அறிவியல் உலகம் அதுவரைக்கும் பார்க்காத இனம். எந்த பர்மிட்டும் இல்லாம அமெரிக்காவுக்குக் கொண்டுவந்து, ஃப்ளோரிடாவுல இருக்கிற மேரி செல்பி தாவரவியல் தோட்டத்துல கொடுக்கறார்.

அதே நேரம் எரிக் கிறிஸ்டென்சன்னு இன்னொரு நிபுணரும் அதே செடிக்குப் பேர் வெக்க ரெடியாகிட்டிருந்தார். விதி என்னன்னா, முதல்ல அச்சுல யார் வெளியிடறாங்களோ, அவங்க வெச்ச பேர்தான் செல்லும். செல்பி தோட்டத்துக்காரங்க அவசர அவசரமா வெளியிட்டு, சில நாள் வித்தியாசத்துல ஜெயிச்சாங்க. 'ஃப்ராக்மிபீடியம் கோவாச்சி'. கடத்திட்டு வந்தவர் பேரே செடிக்கு நிலைச்சுப் போச்சு! ஆனா, கோர்ட் விடலை. தோட்டத்துக்கு 5,000 டாலர் அபராதம். கோவாச்சுக்கு 1,000 டாலர் அபராதமும் ரெண்டு வருஷ நன்னடத்தைக் கண்காணிப்பும்.

இதுல தோத்தது யார் தெரியுமா? அந்தச் செடி. எங்கே கிடைக்குதுன்னு செய்தி பரவினதும், காட்டுல இருந்ததைப் பொறுக்கி எடுத்தே தீர்த்துட்டாங்க. பிற்பாடு பெரு அரசு, சட்டப்படி சில செடி எடுக்க அனுமதி கொடுத்து, விதையிலேர்ந்து பெருக்கின பிறகுதான் நிலைமை கொஞ்சம் தேறிச்சு.

'பெரு எங்கே, பெருங்களத்தூர் எங்கே'ன்னு கேக்காதீங்க. நம்ம பொதிகை மலை, அதாவது அகத்தியமலைப் பக்கம், 'பாஃபியோபெடிலம் ட்ரூரி'ன்னு ஒரு மஞ்சள் ஆர்க்கிட். தென்னிந்தியாவுல இருக்கிற ஒரே 'செருப்பு' ஆர்க்கிட் அதுதான். சேகரிக்கிறவங்க ஆசைக்கும் காட்டுத் தீக்கும் இரையாகி, காட்டுல அபூர்வத்திலும் அபூர்வமாயிடுச்சு. 1972-ல வந்த வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துல, 1991-ல திருத்தம் பண்ணித் தாவரங்களுக்குன்னு ஒரு அட்டவணை சேர்த்தாங்க. மொத்தமே ஆறு வரி. அதுல மூணு ஆர்க்கிட்: நீல வாண்டா, சிவப்பு வாண்டா, செருப்பு ஆர்க்கிட்டுகள். 2022 திருத்தத்துல அந்தப் பட்டியல் இன்னும் நீண்டுச்சு. ஒரு பூவோட அழகுதான் அதுக்கு எமன்ங்கறதுக்கு இதைவிட சாட்சி வேணுமா?

புயல் கொண்டுவந்த வம்பு!

இப்போ நம்ம பையன் கதைக்கு வருவோம். 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல் பாண்டிச்சேரி பக்கம் கரையைக் கடந்த ராத்திரி. விழுப்புரம் மாவட்டமே தண்ணியில மிதந்துச்சு. தண்ணி வடிஞ்சு சில நாள் கழிச்சு, ஊருக்கு வெளியே ரோட்டோரம் சாய்ஞ்சு கிடந்த ஒரு பழைய மரத்துகிட்ட பையன் நின்னுட்டான். கிளை மேல வார் வாரா கெட்டி இலை. வெள்ளை வெள்ளையா புழு மாதிரி வேர். அவனுக்குப் பார்த்ததும் தெரிஞ்சுபோச்சு. பாடப் புத்தகத்துல 'தொற்றுத் தாவரம் - எ.கா: வாண்டா'ன்னு ஒரு வரி வருமே, அந்த வாண்டா! நம்ம கடற்கரையோரக் காட்டுல தானா வளர்ற 'வாண்டா டெசல்லேட்டா'.

போட்டோ எடுத்து மூணு பேருக்கும் அனுப்பினான். வந்துச்சு பாருங்க வம்பு!

"மரத்தை அறுத்து விறகாக்கிடுவாங்க. உடனே எடுத்துட்டு வா. என் மாடியில வெச்சு நான் காப்பாத்தறேன்"னார் பேங்க் சார்.

"யாரு, நீங்களா? 'விழுந்ததுதானே'ன்னு இன்னிக்கு ஒண்ணு எடுப்பீங்க. நாளைக்கு விழாததையும் யாராவது பிடுங்கிட்டு வந்து 'விழுந்து கிடந்துச்சு'ன்னு சொல்வாங்க. காட்டுச் செடி வீட்டுக்கு வரக் கூடாது. அவ்வளவுதான்"னாங்க டீச்சரம்மா.

நர்சரிக்காரர் கணக்கு வேற. "எங்கிட்ட குடுங்க. காய் வெச்சா லேப்ல கொடுத்து ஆயிரம் கன்னு பண்ணலாம். கடையில மலிவா கிடைச்சா எவன் காட்டுக்குப் போய்த் திருடுவான்?"

யோசிச்சுப் பாருங்க, மூணு பேர் பேசறதுலயும் நியாயம் இருக்கு. நர்சரிக்காரர் சொல்றது வெறும் வியாபாரப் பேச்சு இல்லை. ஒரு ஆர்க்கிட் காய்க்குள்ள தூசி மாதிரி ஆயிரக்கணக்கா விதை இருக்கும். ஆனா, நெல்லுலயும் தேங்காயிலயும் இருக்கிற மாதிரி அதுல கட்டுச்சோறு கிடையாது. வெறுங்கையோட பறக்கிற விதை. விழுற இடத்துல சரியான பூஞ்சை இருந்து சோறு ஊட்டினாத்தான் முளைக்கும். 1899-ல பிரெஞ்சுக்காரர் நோயல் பெர்னார் இதைக் கண்டுபிடிச்சார். 1922-ல அமெரிக்காவோட லூயிஸ் நட்சன், பூஞ்சை இல்லாமலே, சர்க்கரை கலந்த அகார்ல முளைக்க வெக்கலாம்னு காட்டினார். இன்னிக்கு கடையில பாட்டில்ல வர்ற ஆர்க்கிட் கன்னுக்கெல்லாம் அதுதான் மூலம். ஆனா, காட்டுல அந்தச் சொகுசு இல்லை. ஒரு விதை முளைச்சு, பூ விடற வயசுக்கு வர பல வருஷம் ஆகும். அதனாலதான் டீச்சரம்மாவுக்கு அவ்வளவு கோபம். பிடுங்கறதுக்கு ஒரு நிமிஷம், வளர்றதுக்கு ஒரு டிகிரி முடிக்கிற காலம்.

பேச்சு முத்தி, பழைய உர விவகாரத்தையெல்லாம் கிளறி, கடைசியில மூணு பேரும் ஒருத்தருக்கொருத்தர் போன் பேசறதையே நிறுத்திட்டாங்க. செடி மட்டும் ரோட்டோரத்துல வெயில்ல கிடக்குது. பையன் பாவமா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கான். வலை பிரிச்சுக்கிட்டு இருந்த அவங்க ஆயா, "இன்னாடா ஆச்சு?"ன்னு கேட்டிருக்காங்க. எல்லாத்தையும் சொல்லியிருக்கான்.

"ரோட்டுல ஒரு கொழந்த தடுக்கி வுயுந்துட்டா, தூக்கி நிறுத்திட்டுப் போவியா... இல்ல, நம்மளுதுன்னு வூட்டுக்குத் தூக்கினு வந்துடுவியா?"

மேட்டர் ஓவர்!

அன்னிக்குச் சாயந்திரமே தேங்கா நார்க் கயிறு எடுத்துக்கிட்டுப் போனான். விழுந்த மரத்துக்குப் பக்கத்துலயே, புயலுக்கு அசையாம நின்ன இன்னொரு மரம். பட்டை சொரசொரப்பா இருக்கிற பக்கமா, மத்தியான வெயில் நேரா படாத உயரத்துல, செடியை வெச்சு நாரால கட்டினான். டீச்சரம்மாகிட்ட போன்ல முறை கேட்டுக்கிட்டான். "இறுக்காதே. ஆனா ஆடவும் கூடாது. ஆடினா புது வேர் பிடிக்காது."

நம்ம கடற்கரைக்காரன்!

இதுக்கு நடுவுல பையன் தேடிப் படிச்சுச் சொன்ன விஷயம்தான் என்னை அசர வெச்சது. 'வாண்டா'ங்கறது இங்கிலீஷ் பேரே இல்லை. சம்ஸ்கிருதச் சொல். மரத்து மேல ஒட்டி வளர்ற செடியைக் குறிக்கிறது. அந்தச் சொல்லை எடுத்துத் தாவரவியலுக்குக் கொடுத்தவர், கல்கத்தாவுல நீதிபதியா இருந்த சர் வில்லியம் ஜோன்ஸ். அப்புறம் ராபர்ட் பிரவுன் 1820-ல அதை முறைப்படி ஒரு பேரினமா நிறுவினார். தாய்லாந்துலேர்ந்து விமானத்துல வர்ற அத்தனை நீல, ஊதா, ஆரஞ்சு வாண்டாவுக்கும் அடையாளச் செடியா, 'இதை வெச்சுத்தான் இந்தப் பேரு'ன்னு எடுத்துக்கிட்டது எதைத் தெரியுமா? வில்லியம் ராக்ஸ்பர்க் 1795-ல வெளிவந்த 'சோழமண்டலக் கடற்கரைத் தாவரங்கள்' புத்தகத்துல படத்தோட விவரிச்ச ஒரு செடியை. அதுதான் வாண்டா டெசல்லேட்டா. புயல்ல விழுந்து கிடந்த அதே இனம்!

"எங்க ஊருல வேற விஷயமும் இருக்கு"ன்னான் இல்லையா? இருக்கு மக்களே. சோழமண்டலக் கடற்கரைன்னா அதுல எக்கியார்குப்பமும் உண்டுதானே!

பூ பார்க்க ஆர்ப்பாட்டமா இருக்காது. பச்சை கலந்த மஞ்சள்ல பழுப்புக் கட்டம் போட்ட இதழ், நடுவுல நீலமோ ஊதாவோ ஒரு உதடு. கிட்டப் போனா நல்ல வாசனை. ஊர்ப் பக்கம் இதைப் புல்லுருவின்னு நினைச்சுப் பிச்சுப் போடறவங்களும் உண்டு. பெரிய அநியாயம். புல்லுருவி மரத்தோட சத்தை உறிஞ்சும். இது மரத்துகிட்டேர்ந்து எதையும் எடுக்கிறதில்லை. நிக்க இடம் மட்டும்தான் கேக்குது. பேச்சிலருக்கு ரூம் தர்ற ஹவுஸ் ஓனர்கள் கவனிக்க!

எக்கியார்குப்பத்துலேர்ந்து அதே ரோட்டுல பாண்டிச்சேரிப் பக்கம் வந்தா கீழ்ப்புத்துப்பட்டு. அங்கே மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுத்தி ஒரு கோயில் காடு இருக்கு. 'உலர் பசுமைமாறாக் காடு'ன்னு சொல்வாங்க. ஒரு காலத்துல இந்தக் கரையோரம் பூராவும் இருந்த காட்டோட மிச்சம். வெயில் காலத்துலயும் பச்சை மாறாது. பாண்டிச்சேரி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கா அங்கே மரங்களை எண்ணி, அளந்து ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. வனத்துறை வேலி போட்டா இந்தக் காடு இத்தனை நாள் தப்பிச்சுது? 'சாமி காடு, ஒரு குச்சி ஒடிக்கக் கூடாது'ங்கிற ஒரே ஒரு பயம்தான் காவல். டீச்சரம்மா சட்டம் பேசினாங்க, அய்யனார் அதையே அருவாள் வெச்சுக்கிட்டுச் சொல்றார். அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்களுக்கும் ஆர்க்கிட் ஆசை வந்துடுச்சா? தாராளமா வளருங்க. ஆனா, லேப்ல பெருக்கின கன்னா பார்த்து நர்சரியில வாங்குங்க. மழைத் தண்ணியைப் பிடிச்சு வெச்சு ஊத்துங்க. மண்ணைத் தொடாதீங்க. டூர் போறப்போ ஏற்காட்டுல இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையோட ஆர்க்கிட் தோட்டம் இருக்கு, போட்டிங்குக்கு நடுவுல ஒரு எட்டுப் போய்ப் பாருங்க. மலையில மரத்து மேல ஒண்ணைப் பார்த்தா போட்டோ எடுத்துக்கோங்க. எந்த இடம்னு ஊருக்கே தம்பட்டம் அடிக்காதீங்க. பெருவுல என்ன நடந்துச்சுன்னுதான் இப்போ உங்களுக்குத் தெரியுமே!

அந்த மரத்துச் செடி என்னாச்சுன்னு கேக்கறீங்களா? முதல்ல ரெண்டு இலை உதிர்ந்துச்சு. பையன் சாப்பிடவே இல்லை. அப்புறம் ஒருநாள், வேர் நுனியில மிளகு சைஸுக்குப் பச்சையா ஒரு புள்ளி. இப்போ அந்த வேர் மரப்பட்டையை இறுக்கிப் பிடிச்சிருக்கு. நார்க் கயிறு தானா இத்துப்போய் விழுந்தாச்சு. பூ இன்னும் வரலை.

சண்டை? அது இன்னும் முடியலை. ஆனா, பேங்க் சார் ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை பையனுக்கு போன் பண்றார். "வேர் எவ்வளவு நீளம்டா? நான் கேட்டேன்னு அந்தம்மாகிட்ட சொல்லாதே." செவ்வாய்க்கிழமை டீச்சரம்மா. "சார் ஏதாவது கேட்டாரா?" நடுவுல நர்சரிக்காரர். "காய் வெச்சா மட்டும் சொல்லு தம்பி. செடியைத் தொட மாட்டேன், சத்தியமா!"

போன வாரம் காலேஜ்ல புதுசா சேர்ந்த ஒரு பொண்ணு பையன்கிட்ட, "அண்ணா, உங்களுக்கு எந்த ஊரு?"ன்னு கேட்டுச்சு. நான் பக்கத்துலதான் இருந்தேன்.

"எக்கியார்குப்பம். வாண்டா தெரியுமா, வாண்டா? அது எங்க ஊர்ப் பக்கத்துச் செடிதான்" என்றான் பையன். முகம் சின்னதாகவே இல்லை.